என் வீட்டுக்காரர் போட்டதாகச் சொன்ன பாலிசி

அக்ராவில் சகல சௌக்கியத்தோடும், எங்கள் ஞாபகம் கொஞ்சமும் இல்லாமலும் வாழ்ந்துவரும் கொழுந்தனார் சார்பாங் அவர்களுக்கு, குமாசியிலிருந்து அண்ணி அஃப்ரியே எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். கால் வீக்கம் மட்டும் விடவில்லை. அதை விசாரிக்கத்தான் ஆளில்லை.

உங்கள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் பாடு, உயிரோடு இருந்தவரை, "உனக்காக ஒரு பாலிசி போட்டிருக்கேன்டி, நான் போனாலும் நீ யார்கிட்டயும் கையேந்த மாட்டே" என்று சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்தார். போய்ச் சேர்ந்த பிறகு வீடு முழுக்கத் துழாவிவிட்டேன், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. உங்கள் அக்கா கொனாடு, "என் தம்பியா? பாலிசியா? செருப்புக்கே கடன் சொன்னவனாச்சே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குப் பணம்கூடப் பெரிதில்லை தம்பி. அந்த மனுஷன் என்னை நினைத்தாரா, ஏமாற்றினாரா, அது தெரிந்தாக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒரு பெண் பாலிசி நம்பர் கேட்டாள். "நம்பர் தெரிஞ்சா நான் ஏன்டியம்மா உன் மூஞ்சியப் பாக்க வர்றேன்?" என்றேன். அப்படியானால் ஏஜெண்டைப் பிடியுங்கள் என்றாள். ஏஜெண்ட் யார், எஜிசு ஊர் அடுசே. வீடு திரும்புவதற்குள் ரேடியோவில் சொல்கிறான், எஜிசு அடுசே காலமானார், சனிக்கிழமை துக்கம் என்று! துக்கத்துக்கென்று கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு ஓடினேன். தெருவில் இரண்டு துக்கப் பந்தல். ஆட்டம் எங்கே அதிகமோ அங்கே நுழைந்து, நன்கொடை எழுதி, அழுது, ஃபுஃபு சாப்பிட்டு, மறுபடி அழுது, மூலையில் இருந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் பாலிசி கட்டெல்லாம் எங்க வச்சிருப்பாரு?" என்று கேட்டேன். "என் வீட்டுக்காரர் அதோ ஆடிட்டிருக்காரு. செத்தது என் மாமியார்" என்றாள். போஸ்டரைப் பார்க்காமல் உட்கார்ந்தது என் தப்புதான்.

அந்த நேரம் பார்த்து மைக்கில், "குமாசி பாடுவின் மனைவி அஃப்ரியே அளித்த நன்கொடை" என்று முழங்கிவிட்டான். அதைக் கேட்டு அடுத்த பந்தலிலிருந்து ஒருவர் ஓடி வருகிறார். யாரென்கிறீர்கள்? சாட்சாத் ஏஜெண்ட் அடுசே! செத்தது அவர் அண்ணனாம், அவர் பேரும் அடுசேதானாம். எனக்கு உயிர் போய் வந்தது. "பாடு பேர்ல இப்போ பாலிசி எதுவும் இல்லம்மா. மத்ததை வீட்டுக்கு வந்து சொல்றேன், இங்க சொந்தக்காரங்களுக்குக் காது நீளம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி எவரும் எனக்கு எதையும் சொல்ல வேண்டாம். கொனாடு சொன்னதே சரி. வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் போகிறேன். அண்ணன் ஞாபகமாக வேண்டும் என்று கொனாடுவிடம் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறீர்களே ஐஸ்பெட்டி, லாரி அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச் அறுவடை விழாக் குலுக்கலில் என் சீட்டுக்கு விழுந்ததென்று அவர் தூக்கிவந்த சனியன். தண்ணீர்ப் பை குளிரவைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்ததைத் தவிர, அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

உங்கள் எல்லோருக்கும் கடவுள் தீர்க்காயுசும், அண்ணிக்குக் கடிதம் போடும் நல்ல புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
அஃப்ரியே

பி.கு.: லாரியை அனுப்பாதீர்கள். இப்போதுதான் அடுசே வந்துவிட்டுப் போனார். பாலிசி முதிர்ந்து பணம் என்றைக்கோ வந்துவிட்டதாம். அதில் வாங்கியதுதான் ஐஸ்பெட்டி. குலுக்கலும் இல்லை, சீட்டும் இல்லை. "காசா வச்சா நாளைக்கு என் ஆளுங்க பங்குக்கு வந்து நிப்பாங்க. அவ சீட்டுக்கு விழுந்ததுன்னா அது அவளோடது, எவனும் கை வைக்க முடியாது" என்று உங்கள் அண்ணன் அப்போதே அடுசேயிடம் சொன்னாராம். ஆளுங்க என்றால் நீங்கள்தான் தம்பி. அந்தப் பெட்டிமேல் தலையை வைத்து நன்றாக அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மகளிடமும் போகவில்லை. அண்ணன் ஞாபகம் வந்தால் வாருங்கள், ஒரு பை ஜில்லென்ற தண்ணீர் தருகிறேன். காசு கொண்டுவாருங்கள்.