கர்ஜித்தால் கிளம்பும் கம்ப்யூட்டர்

ஒரு காட்டில், தண்ணீர் குடிக்கக்கூட டோக்கன் வாங்கவேண்டும் என்ற அளவுக்கு நிர்வாகம் முன்னேறியிருந்தது. டோக்கன் போடுவது ஒரு விர்ச்சுவல் மெஷின். அதாவது, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவித்துக்கொள்வது. இல்லாததை இருப்பதாகப் பாவிப்பது அந்த அரசாங்கத்துக்கு ஒன்றும் புதிதில்லை.

ஒருநாள் காலை அது கிளம்பமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. குளத்தைச் சுற்றி மான்களும் எருமைகளும் நாக்கு வறண்டு நின்றன. தண்ணீர் கண்ணெதிரேதான் இருந்தது. அதற்காக டோக்கன் இல்லாமல் குடித்துவிடுவார்களா என்ன? ஒழுக்கமான பிரஜைகள்.

காண்ட்ராக்ட் வேலையில் இருந்த அல்லி என்ற கீரியை ஓநாய் மேனேஜர் கூப்பிட்டார்.

"இதப் பாரும்மா, மத்தியானத்துக்குள்ள ஓடணும். இல்லேன்னா ராஜாவுக்கு இன்னிக்குச் சாப்பாடு நீதான். உனக்கு முன்னாடி இருந்த முயல் எங்க போச்சுன்னு தெரியுமில்ல?"

அல்லி உடனே செட்டிங்ஸைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் மொத்தமாக இருப்பதே பதினாறு ஜிபி மெமரி. உள்ளே இருக்கும் மெஷினுக்கோ அறுபத்துநாலு ஒதுக்கியிருந்தது. எங்கிருந்து கிளம்பும், பாவம்.

"யார் சார் இதை மாத்தினது?"

"ராஜாதான், நேத்து. பக்கத்துக் காட்டுப் புலிகிட்ட முப்பத்திரண்டு இருக்காம்."

"நாலாக் குறைச்சா ஓடிடும் சார்."

"ராஜாவோடதைக் குறைக்கிறதா? அதை நீயே அவர்கிட்டச் சொல்லிடு," என்று ஓநாய் நழுவுவதற்குள் சிங்கமே வந்து நின்றது. திரையில் அறுபத்துநாலைப் பார்த்துப் பிடரியைச் சிலுப்பிக்கொண்டது.

"ஏன் ஓடலை?"

உண்மையைச் சொன்னால் முயல் போன இடத்துக்கே போகவேண்டியதுதான். அல்லி பவ்யமாகக் கும்பிட்டாள்.

"மகாராஜா, இது உங்க குரலுக்குத்தான் கட்டுப்படும். ஒரு தடவை கர்ஜிச்சுப் பாருங்க."

சிங்கம் கர்ஜித்தது. கர்ஜிக்கும்போது அதற்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில் அல்லி அறுபத்துநாலை நாலாக்கி, மெஷினைக் கிளப்பி, செட்டிங்ஸை மூடிவிட்டாள். டோக்கன் வந்தது. வரிசை நகர்ந்தது.

சிங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. "இனிமே தினமும் காலையில நானே வந்து கர்ஜிக்கிறேன்," என்றது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பார்த்து ராஜா கர்ஜித்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் அல்லி தினமும் முன்கூட்டியே போய், மெஷினை நிறுத்தி, பழையபடி அறுபத்துநாலைப் போட்டுவைத்தாள். ராஜா எழுந்து, குளித்து, சாவகாசமாக வந்து கர்ஜிக்கும்வரை எருமைகள் தாகத்தோடு காத்திருந்தன. வந்ததும் கைதட்டின. சீக்கிரமே அல்லிக்கு வேலை நிரந்தரமானது.

நீதி: கோளாறைச் சரிசெய்கிறவருக்குக் கூலி, கோளாறைக் கட்டிக்காக்கிறவருக்குப் பென்ஷன்.