பேச்சிமுத்து எந்தக் குழு?

ஒரு காட்டில், ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதையில் பேசத் தெரிந்த மிருகங்களுக்குப் படிக்கவும் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். டீச்சர் ஒரு மைனா, பெயர் செங்கமலம். எல்லா வகுப்புக்கும் அவர்தான் டீச்சர், அவர்தான் தலைமை ஆசிரியர், மணி அடிப்பதும் அவர்தான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே மணி அடிக்க மட்டும் தனியாக ஒரு மரங்கொத்தியை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும் என்பது சிங்க ராஜாவின் சட்டம். ஆனால் நடுவில் பாலம் இல்லாத ஆறு ஓடினால் சேர்க்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அந்த வரியை எழுதிய அன்றைக்கு ராஜா வயிறாரச் சாப்பிட்டிருப்பார் போலிருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் செங்கமலம் டீச்சரின் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆற்றில் குடியிருந்தவர் முதலையார். அந்த வட்டாரத்துக்கு அவர்தான் கல்வி அதிகாரி. ரொம்ப நல்ல மாதிரி. பிள்ளைகள் என்றால் உயிர். "குழந்தைகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று டீச்சரிடம் அடிக்கடி சொல்வார்.

வகுப்பிலேயே வயதில் சின்னவள் குன்னி, முயல்குட்டி. அவளுடைய சித்தப்பா போன கோடையில் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். இன்னும் குடித்துக்கொண்டே இருக்கிறார் என்றுதான் வீட்டில் அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆனாலும் குட்டிக்கு ஏதோ புரிந்திருந்தது. ஆற்றுப் பேச்சை எடுத்தாலே ஓடிப்போய் டீச்சரின் சிறகுக்கடியில் தலையை நுழைத்துக்கொள்வாள். மைனாவின் சிறகுக்குள் முயல் எப்படி அடங்கும்? ஒரு காது அடங்கும். பயந்த பிள்ளைக்கு அதுவே போதும்.

"நாம அக்கரைக்குப் போக வேண்டாம்ல டீச்சர்?"

"நான் இருக்கிற வரைக்கும் போக வேண்டாம்டி கண்ணு" என்பார் டீச்சர்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சருக்குப் பயிற்சி வந்தது. சனி வந்தது என்று சொல்லியிருப்பேன். ஆனால் பயிற்சியில் மதியம் வடை போட்டார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு மயில். பேச்சுக்கு நடுவில் தோகையை விரித்து ஒவ்வொரு கண்ணாகக் காட்டி விளக்கினார். "மக்குப் பிள்ளைன்னு இந்தக் காட்டுல யாருமே கிடையாது. அறிவு ஒண்ணு இல்ல, எட்டு வகை. பேசுறது ஒரு அறிவு, கணக்கு ஒரு அறிவு, படம் ஒரு அறிவு, உடம்பு ஒரு அறிவு, பாட்டு ஒரு அறிவு. அடுத்தவங்களைப் புரிஞ்சுக்கிறது, தன்னைத்தானே புரிஞ்சுக்கிறது, செடி கொடியைப் புரிஞ்சுக்கிறது, எல்லாமே அறிவுதான். எந்தப் பிள்ளைக்கு எதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கேத்த வேலையைக் கொடுத்து, குழுவா செய்ய வைங்க. உங்க வகுப்பு திருவிழா மாதிரி ஆகிடும்!"

செங்கமலம் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பில் பேச்சிமுத்து என்று ஓர் எருமைக்கன்று உண்டு. இத்தனை நாளாக அதை "எருமை மாடே, எருமை மாடே" என்று திட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டார். பேச்சிமுத்துவுக்கோ அது திட்டு என்றே தெரியாது. டீச்சர் தன்னைச் சரியாக அடையாளம் கண்டுபிடிக்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாளே டீச்சர் பிள்ளைகளுக்கு அறிவு பிரிக்க ஆரம்பித்தார். கிளிக்குப் பேச்சு, எறும்புக்குக் கணக்கு, சிலந்திக்குப் படம், குரங்குக்கு உடம்பு, குயிலுக்குப் பாட்டு. சண்டை போட்டவர்களை நக்கி நக்கிச் சமாதானம் செய்யும் நாய்க்குட்டிக்கு அடுத்தவரை அறியும் அறிவு. எந்தப் புல் எங்கே முளைக்கும் என்று தெரிந்த குன்னிக்கு இயற்கை அறிவு. ஆந்தை பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு தன்னைத்தானே அறிந்துகொண்டிருந்ததால் அதற்கும் சிரமமில்லாமல் ஓர் அறிவு கிடைத்தது.

மிச்சம் நின்றவன் பேச்சிமுத்து.

டீச்சர் சும்மா சொல்லக் கூடாது, பாடுபட்டார். பாடச் சொன்னார். "ம்மா" என்றான். படம் போடச் சார்ட் கொடுத்தார். நல்ல விரிப்பு என்று அதன்மேல் படுத்துக்கொண்டான். ஓடச் சொன்னார். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான், ஆனால் எட்டில் எதிலும் வரவில்லை. கடைசியில் தன்னை அறியும் அறிவாவது இருக்குமா என்று, "உன் மனசுக்குள்ள இப்போ என்னடா ஓடுது?" என்று கேட்டார்.

"பசிக்குது டீச்சர்."

"அதுக்கும் உள்ளே?"

பேச்சிமுத்து நெடுநேரம் யோசித்தான். "ரொம்பப் பசிக்குது டீச்சர்."

சேதி காடெங்கும் பரவியது. மறுநாள் பெற்றோர் வந்து கூடினார்கள். எறும்பின் வீட்டைத் தவிர ஒருவருக்கும் தன் பிள்ளையின் அறிவு பிடிக்கவில்லை. "எங்க புள்ளைக்கும் கணக்கு அறிவே போட்டுக் குடுங்க டீச்சர், நாளைக்கு நாலு இடத்துக்குப் போகணும்ல" என்று குயிலின் அம்மா சண்டைக்கு நின்றாள். குரங்கின் அப்பாவும் அதையே கேட்டார். எல்லோரும் போன பிறகு பேச்சிமுத்துவின் அம்மா தயங்கித் தயங்கி வந்தாள்.

"டீச்சரம்மா, எட்டு இருக்குன்னாங்களே. அதுல ஒண்ணுகூடவா என் மகனுக்கு வாய்க்கல?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்மா" என்றார் டீச்சர்.

தினமும் காலையில் வருகை எடுத்ததும் பேச்சிமுத்து கேட்பான். "நான் எந்தக் குழு டீச்சர்?"

"நீ பார்வையாளர்டா."

அவன் தலையை ஆட்டிவிட்டு வாசலில் இருந்த சேற்றுக் குழியில் போய் உட்கார்ந்து பார்ப்பான். எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரிதான் இருப்பான். ஆனால் மற்றப் பிள்ளைகள் சேர்ந்து சிரிக்கும்போது மட்டும் காதைத் திருப்பிக்கொள்வான்.

அப்புறம் முதலையார் ஆய்வுக்கு வருவதாகச் சேதி வந்தது. எட்டு அறிவும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு குழுச் செயல்பாட்டை நேரில் பார்க்க வேண்டுமாம். டீச்சர் ராத்திரி பகலாக யோசித்தார். ஆடவும் பாடவும் அளக்கவும் வரையவும் ஒரே பாடத்தில் இடம் வேண்டும். விடிந்ததும் சிறகைத் தட்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்.

"பிள்ளைகளா, நாம ஆத்துக்கு ஒரு பாலம் கட்டப்போறோம்!"

உங்களுக்கு இதற்குள் பகீர் என்றிருக்குமே? டீச்சருக்கு இல்லை. அவர் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர்.

பாவம், தப்பு சொல்லவும் மனசு வரவில்லை, அவ்வளவு அழகாக நடந்தது அந்த வேலை. குன்னி இழுத்தால் அறாத நாணலைத் தேடிக் கொடுத்தாள். எறும்பு அளந்தது. சிலந்தி எந்த முடிச்சு எங்கே என்று பின்னிக் காட்டியது. குரங்கு கயிற்றைக் கடித்துக்கொண்டு அக்கரை மரத்துக்குத் தாவியது. குயில் "ஏலேலோ" என்று எடுத்துக் கொடுக்க எல்லோரும் "ஐலசா" என்று இழுத்தார்கள். முடிச்சில் சண்டை வந்தபோது நாய்க்குட்டி இரண்டு பக்கமும் நக்கியது. கிளி நடப்பதையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னது. ஆந்தை ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "நாம எதுக்காகக் கட்டுறோம்?" என்று கேட்டது. "தன்னை அறியும் அறிவு அருமை!" என்று டீச்சர் பாராட்டிவிட்டு மேலே போனார். பதில் மட்டும் சொல்லவில்லை.

ஆய்வு நாளில் முதலையார் கரையேறி வந்தார். பாலத்தை ஒரு நோட்டம் விட்டார். நடுவில் கொஞ்சம் தொய்ந்து, தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அடடா! குழந்தைகள் கட்டினதா? நடுவுல தாழ்வா இருக்கே. நல்லதுதான், போகும்போது வரும்போது கிட்ட இருந்து பார்த்துக்கலாம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "காட்டிலேயே சிறந்த பள்ளின்னு உங்களுக்குத்தான் பட்டம். பிரமாதம்!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்புறம் டீச்சரம்மா, பாலம்தான் வந்துட்டுதே. இனிமே இந்தப் பள்ளி எதுக்கு? நாளைக்கே அக்கரையோட சேர்த்துடறேன். பிள்ளைகள் காலையில இதுமேலேயே நடந்து வந்துடட்டும்."

கைதட்டல் நின்றது. டீச்சர் பாலத்தைப் பார்த்தார். அதன் தொய்வைப் பார்த்தார். அதன் கீழே இருந்த தண்ணீரைப் பார்த்தார். ஐயோ, என் கையாலேயே கட்டிக் கொடுத்துவிட்டேனே என்று அப்போதுதான் நெஞ்சில் அடித்தது. குன்னி வந்து சிறகுக்கடியில் தலையை நுழைத்தாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஐயா, கொஞ்சம் கருணை காட்டணும். இதுங்க சின்னஞ்சிறுசுங்க..."

"எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு" என்று முதலையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். துடைத்த கண்ணைத் திறந்ததும் சேற்றுக் குழி அதில் பட்டது. "அது யாரு? சும்மா உட்கார்ந்திருக்கு?"

"அவன் பார்வையாளர் ஐயா."

முதலையாருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்து முடித்த பிறகுதான் அதிகாரிகளுக்குக் கோபம் வரும். "என்ன டீச்சர் இது? குழுச் செயல்பாடுன்னா எல்லாப் பிள்ளையும் பங்கெடுக்கணும்னு தெரியாதா? ஒரு பிள்ளையை ஒதுக்கி வெச்சா நான் கொடுத்த பட்டம் செல்லாது. என் கண் முன்னாடி அவனுக்கும் ஒரு வேலை கொடுங்க. இப்பவே!"

செங்கமலம் டீச்சர் பேச்சிமுத்துவைப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். மறுபடியும் பேச்சிமுத்துவைப் பார்த்தார், இந்தத் தடவை மேலிருந்து கீழ்வரை, அகலத்தோடு சேர்த்து. பயிற்சியில் மயில் காட்டாத ஒரு கண் அவருக்குள் அப்போதுதான் திறந்தது.

"ஐயா சொல்றதுதான் ரொம்பச் சரி" என்றார் பணிவாக. "பேச்சிமுத்து, இங்கே வாடா ராசா. பாலத்து நடுவுல போய் உட்காரு."

"நானா டீச்சர்? குழுவுலயா?"

"குழுவுலதான்டா."

பேச்சிமுத்து சேற்றோடு எழுந்தான். ஆய்வை வேடிக்கை பார்க்க வந்து கரையில் நின்ற அவன் அம்மா, "என் மகனுக்கும் வேலை குடுத்துட்டாங்க" என்று அழுதே விட்டாள். முதலையார் கிட்ட இருந்து பார்க்கலாம் என்று தண்ணீரில் இறங்கி, தொய்வுக்கு நேர்கீழே வந்து வாயைத் திறந்து நின்றார். பாலம் முதல் அடிக்கு முனகியது. பாதி தூரத்தில் சிலந்தி கண்ணை மூடிக்கொண்டது. நடுவில் போய் நின்ற பேச்சிமுத்து திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு, செய்வன திருந்தச் செய் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரியே, முழுசாக உட்கார்ந்தான்.

நாணலும் முடிச்சும் எருமையும் ஒரே நேரத்தில் முதலையார் முதுகில் இறங்கின. அன்றைக்கு அவர் விட்டதுதான் அவர் வாழ்க்கையிலேயே முதல் நிஜக் கண்ணீர். பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எருமைக்குத் தண்ணீர் கசக்குமா? மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, "சரியாச் செஞ்சேனா டீச்சர்?" என்று கேட்டான்.

"பாலம் எங்கேம்மா?" என்று முனகினார் முதலையார்.

"இல்லைங்களே ஐயா" என்றார் டீச்சர். "நீங்க சொன்ன மாதிரி எல்லாப் பிள்ளையும் பங்கெடுத்தாச்சு. செயல்பாடு முடிஞ்சுபோச்சு."

பாலம் இல்லாத ஆறு. சட்டத்தில் இருந்த அந்த ஒரு வரி மறுபடி உயிர்பெற்றது. முதலையார் முதுகுக்குப் பச்சிலை கட்டிக்கொண்டு அதே வாயால் அதே உத்தரவை ரத்து செய்தார். குன்னி சிறகுக்கடியிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பேச்சிமுத்துவின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த பயிற்சியில் மயில் தோகையை விரித்து, "அறிவு எட்டு இல்ல, ஒன்பது" என்றார். ஒன்பதாவது, உட்காரும் அறிவாம். நரி உடனே அதற்கு டியூஷன் ஆரம்பித்தது. கணக்கு அறிவு கேட்டுச் சண்டை போட்ட அத்தனை பெற்றோரும், அது கிடைத்திருந்த எறும்பின் பெற்றோரும்கூட, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அங்கே ஓடினார்கள். இப்போது எறும்பு தினமும் சாயங்காலம் ஒரு சுள்ளியின்மேல் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. சுள்ளி இன்னும் முறியவில்லை. முயற்சி போதவில்லை என்கிறது நரி.

பேச்சிமுத்து மட்டும் டியூஷனுக்குப் போகவில்லை. காலையில் வருகை எடுத்ததும் சேற்றுக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். எந்தக் குழு என்று இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை. டீச்சர்தான் எந்தப் பாடத்தை எடுப்பதானாலும் முதலில் அவன் பக்கம் திரும்பி, "பேச்சிமுத்து, தயாரா இருக்கியாடா?" என்று கேட்டுக்கொள்கிறார்.

நீதி: ஒன்றுபட்டால் எதையும் கட்டலாம். ஆகவே அதிகாரி வருகிற நாளில் கைவசம் ஓர் எருமை இருக்கட்டும்.