இரண்டாம் மாடியிலிருந்து வந்த தோட்டத்துப் பிள்ளை

ஹேவாஹெட்ட,
திங்கட்கிழமை.

கண்டி மஹய்யாவயில் வசிக்கும் மதிப்புக்குரிய மச்சான் நடராஜா அவர்களுக்கு, உங்கள் தங்கையின் புருஷன் கறுப்பையா எழுதிக்கொள்வது. இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கத் தேவையில்லை. சனிக்கிழமைதான் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் என் மகள் சீதாவின் சடங்குக்குத் தாய்மாமன் சீரோடு வருவீர்கள் என்று பந்தலில் காத்திருந்தோம். "அந்த ரோட்டுல வேன் ஏறாது மச்சான்" என்று டெலிபோனில் சொன்னீர்கள். அதே ரோட்டில் அதே வேன் சனிக்கிழமை முக்காமல் முனகாமல் ஏறிவிட்டது. எங்கள் மாவட்டத்துக்குக் கண்டியை விடப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி குறைவு என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். பின்தங்கிய பிள்ளைகளும் படிக்கட்டும் என்று ஒதுக்கிய இடம் அது. உடனே உங்கள் மகள் ஷாமினியும் பின்தங்கிவிட்டாள். கண்டியில் மூன்று டியூஷனுக்குப் போய்க்கொண்டே பின்தங்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

பெயர் மட்டும் எங்கள் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கட்டும், பிள்ளை கண்டியிலேயே படிக்கட்டும் என்று அதிபரிடம் கேட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் லயத்து விலாசத்தையே எழுதிக் கொடுத்தீர்கள். அதையாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவரக் கூடாதா? அதிபர் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார், "மகள், தோட்டத்துல ஒங்க வீடு எங்க இருக்கு?" என்று. "ரெண்டாம் மாடி சேர்" என்றது பிள்ளை. ஒற்றை வரிசைத் தகரக் கூரை லயத்துக்கு மாடி கட்டிய முதல் ஆள் நீங்கள்தான் மச்சான். "மேட்டு லயத்தத்தான் அப்படிச் சொல்லுது" என்று நீங்கள் சமாளிக்க, அந்த நேரம் பார்த்துச் சப்பாத்துக்குள் இரத்தம் குடிக்கும் அட்டை ஏற, அதிபரின் கதிரை மேலேயே ஏறி நின்று கத்தினீர்கள். யார் வெளியாள் என்று அட்டைக்குத் தெரிந்திருக்கிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள், "அண்ணே, ஒங்க வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம்?" என்று.

எனக்கு வயிறு எரிவது அதற்காக இல்லை. சீதா டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். ஒரே ஒரு இடத்தால் அவளுக்குத் தவறிப்போய், அந்த இடத்தில் ஷாமினி உட்கார்ந்திருந்தால், உங்கள் தங்கையின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? ஆகவே என் விலாசம் கிடையாது. இனி இந்த ரோட்டில் வேனை ஏற்றி டயரைத் தேய்க்க வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் வணக்கம். ஷாமினிக்கு என் ஆசி. அது பிள்ளை, அதன் மேல் குற்றமில்லை. முருகப்பெருமான் உங்களைக் கண்டியிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மாடியில்லாத கறுப்பையா.

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது சீதா வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, இரசாயனத்துக்கு டீச்சர் இல்லாம ஒன்றரை வருஷமாச்சு. பத்துப் பிள்ளைங்க இருந்தாத்தான் அனுப்புவோம்னு கல்விக் கந்தோர்ல சொல்றாங்க. நாங்க ஒம்பது பேருதான்" என்கிறாள். ஆகவே ஷாமினியை அனுப்பவும். பெயரை மட்டும் அல்ல, பிள்ளையையே. கந்தோரிலிருந்து வந்து தலையை எண்ணுவார்களாம். டியூஷன் கொப்பிகளையும் ஒரு கம்பளியையும் கொடுத்துவிடவும். உனக்கே போட்டியாக வருவாளே என்று சீதாவிடம் கேட்டேன். "போட்டி போடுறதுக்கு மொதல்ல பாடம் நடக்கணும்லப்பா" என்றாள். வேன் ஏறாவிட்டால் சொல்லுங்கள், நானே வந்து தள்ளுகிறேன்.