சத்தமில்லாத பிரேக் கட்டை

கதவுக்கு அடியில் சொருகியிருந்த சீட்டை முதலில் பார்த்தது மனைவிதான். படித்தாள். கணவரின் டீ தம்ளருக்குக் கீழே வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாள்.

"தினமும் சாயங்காலம் இதை என்னால் தாங்க முடியவில்லை. சீக்கிரம் ஒரு முடிவு கட்டவும். - கீழ்வீடு."

கீழ்வீடு என்றால் வீட்டுக்காரர். எழுபதைத் தொட்ட மனிதர், தனியாள். குடிவந்த எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. எதிரே வந்து வணக்கம் சொன்னால், பார்த்தால் தலையை ஆட்டுவார், பார்க்காவிட்டால் போய்க்கொண்டே இருப்பார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் மனைவி, வாயில் நுரையோடு.

"என்ன சொன்னே?"

"அது இப்ப எதுக்கு? நான் சொல்றது எது உங்க காதுல விழுந்திருக்கு?"

ஊரார் காதில் என்ன விழுகிறது, என்ன விழவில்லை என்று பார்ப்பதுதான் கணவருடைய வேலை. காது, மூக்கு, தொண்டை மருத்துவமனை ஒன்றில் அவர் காது பரிசோதகர். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, 'பீப்' என்று ஓர் ஒலியை அனுப்புவார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பதினாறு வருடமாக இதையே செய்துவந்ததில் அவருடைய சொந்தப் பெயர் தேய்ந்துபோய், பீப் சார் என்பதே நிலைத்துவிட்டது.

நாற்பத்தொரு வயதில் சிலருக்குத் தலைக்கு மை அடிக்கும் ஆசை வரும். பீப் சாருக்கு ட்ரயல்ஸ் சைக்கிள் ஆசை வந்தது. அந்த சைக்கிளில் சீட் கிடையாது. நின்றபடியே பலகை, கல், சுவர் என்று எதிர்ப்பட்டதன் மேலெல்லாம் தவ்வி ஏறி, காலை ஊன்றாமல் அங்கேயே நிற்க வேண்டும். நிற்க வேண்டுமானால் பின்சக்கரம் அடித்துவைத்த மாதிரி அசையாமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும், சக்கரத்தின் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சுண்டுவிரல் நீளப் பிரேக் கட்டைகள் இரண்டின் தலையில். பிடிமானத்துக்காக ரிம்மை மெஷினால் கீறிச் சொரசொரப்பாக வைத்திருப்பார்கள். கட்டை அதைக் கவ்வும்போது, யானையின் வாலை மிதித்தாற்போல ஒரு பிளிறல் கிளம்பும்.

வீட்டின் பின்புறம் நல்ல விசாலம். அங்கே சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள் இரண்டைப் போட்டிருந்தார். அவற்றுக்கு அப்பால், யாரும் பயன்படுத்தாத பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று, மூடிபோட்டு, இடுப்பு உயரத்துக்கு நின்றது. தினமும் ஆறு மணிக்கு முதல் தட்டில் ஏறுவார், பிளிறல். இரண்டாவது தட்டு, பிளிறல். தொட்டிக்கு முன்னால் வந்து நிற்பார், பெரிய பிளிறல். அரை நிமிடம் தொட்டியைப் பார்ப்பார். பிறகு, "பிரேக் சரியில்ல," என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிடுவார். ஆறரை வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்வார். எட்டு மாதமாகத் தொட்டிமேல் அவர் ஏறியதில்லை.

"இங்கேர்ந்து என் ஸ்கூலுக்கு அஞ்சு நிமிஷ நடை," என்றாள் மனைவி. அவள் கணக்கு ஆசிரியை. "பழைய வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ். இந்த வீட்டை விட்டு நான் எங்கயும் வரமாட்டேன். வேணும்னா நீங்களும் சைக்கிளும் போங்க."

பீப் சார் கீழே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் திறக்கவில்லை. இன்னொரு தரம் பலமாகத் தட்டினார். பயனில்லை.

"கதவைக்கூடத் திறக்கல. அவ்வளவு கோபம்," என்றார் மேலே வந்து.

"இருக்காதா பின்னே?"

அன்றைக்கே சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் நகைக்கடையில் மோதிரம் காட்டுகிற மாதிரி ஒரு துணியை விரித்து, அதன்மேல் கட்டைகளை நிறம் நிறமாக அடுக்கினார்.

"உங்களது கீறின ரிம்மா, வழவழ ரிம்மா?"

"கீறினது. சிவப்புக் கட்டை போட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன சார்? அதுக்கு அதுதான் ஜோடி. கவ்வினா விடாது."

"சத்தம் வருதே."

"கவ்வினா கத்தத்தான் செய்யும்."

"கத்தாததா ஒண்ணு?"

கடைக்காரர் கறுப்பு ஜோடி ஒன்றை ஒற்றை விரலால் முன்னே தள்ளினார். "இது மெத்துன்னு இருக்கும். ஆனா வழவழ ரிம்முக்கு உண்டானது. கீறின ரிம்முல போட்டா அழிரப்பர் மாதிரி தேஞ்சுடும்."

"பிடிக்குமா?"

"உங்களுக்குப் பிடிச்சா சரி."

பீப் சார் அதை வாங்கினார்.

அன்று சாயங்காலம் சத்தம் வரவில்லை. முதல் தட்டில் ஏறியபோது வண்டி கொஞ்சம் வழுக்கியது. இரண்டாவது தட்டில் ஏறியதும், வந்த வழியே நிதானமாகப் பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். கட்டையிலிருந்து கறுப்புப் பொடி உதிர்ந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை அவரையும் வண்டியையும் சேர்த்து ஏந்திக்கொண்டு நடுவில் கிழிந்தது.

மறுநாள் காலையில் அடுத்த சீட்டு வந்தது.

"முன்னைக்கு இப்போது இன்னும் மோசம்."

பீப் சார் அதை மூன்று தரம் படித்தார். "சத்தமே வரலையே!"

"போர்வை கிழிஞ்ச சத்தம் கேட்டிருக்கும்," என்றாள் மனைவி.

"அவர் வீட்டுக் கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்துச்சு. அந்தத் தூரத்துல அது எப்படிக் கேட்கும்? மனுஷனுக்குப் பாம்புச் செவி!" தொழில்முறையில் அவருக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. "எழுபது வயசுல இப்படி ஒரு காதை நான் பார்த்ததே இல்ல."

பாம்புச் செவிக்குக் குத்துமதிப்பு உதவாது, அளந்து பார்த்துத்தான் கட்டை வாங்க வேண்டும் என்று முடிவு செய்தார். கடையில் மிச்சமிருந்த இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கிக்கொண்டு, மறுநாள் மதிய உணவு நேரத்தில் சைக்கிளை மருத்துவமனை லிஃப்டில் ஏற்றினார். சத்தம் புகாத கண்ணாடி அறையைவிட இதற்குத் தோதான இடம் எது?

"என்ன சார், இதுக்கும் காது கேட்கலையா?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

வண்டியை அறைக்குள் நிறுத்தி, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கட்டையை மாற்றி மாற்றிப் பிரேக் பிடித்தார். எதிரே ஒலி அளக்கும் கருவி. கறுப்பு, நாற்பத்தெட்டு டெசிபல். வெள்ளை, ஐம்பத்தைந்து. பச்சை, எழுபது. ஒழுங்குக்காகக் கடைசியில் பழைய சிவப்பையும் மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஹேண்டில்பார் வெளியே நீட்டிக்கொண்டு கதவைச் சாத்தவிடவில்லை. ஒரு தரம்தானே என்று சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைப் பிடித்தார்.

பக்கத்து அறையில் பெரிய டாக்டர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம், ஐயாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, கருவி வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவைக் கையில் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நெருங்கியிருந்தார்.

பிளிறல் கேட்டதும் பேனா கீழே விழுந்தது.

"என்ன அது?"

"எது?" என்றார் டாக்டர், தெரியாததுபோல.

"எனக்குக் கேட்டுச்சு! உங்களுக்குக் கேட்கலையா? அப்ப யாருக்கய்யா காது மந்தம்?"

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரவேற்பு வரைக்கும் அதையே உரக்கச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய டாக்டர் கண்ணாடி அறைக்கு வந்து சைக்கிளைப் பார்த்தார். பீப் சாரைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா அவரைக் கரைச்சேன்," என்றார். "நாளைக்கு எழுத்துல விளக்கம் வேணும். இது என்ன, ஏன் இங்க இருக்கு, ரெண்டையும் எழுதுங்க."

விளக்கத்தில் என்ன எழுதினாலும் பொய்போலவே இருந்தது. ஆனால் கறுப்பைப்போல வழுக்காத, அதிகம் கத்தாத வெள்ளைக் கட்டை கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு பீப் சார் வீடு வந்தார்.

கண்ணாடி அறையில் சக்கரம் வெறுமனே சுற்றியது. பின்புறத்திலோ அதன்மேல் எழுபத்தெட்டு கிலோவில் ஓர் ஆள் நின்றார். வெள்ளைக் கட்டை பிளிறவில்லை, 'கீச்' என்று மட்டும் சொன்னது. பிடிக்குமா, பிடிக்காதா என்பதை ஒவ்வொரு முறையும் அந்தந்த நேரத்தில் முடிவுசெய்தது. அதை நம்பி ஏற அவருக்குத் துணிச்சல் இல்லை. நான்கு நாள் முதல் தட்டோடு நின்றார். தொட்டிப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் சீட்டு வந்தது.

"இது சரிப்பட்டு வராது. வேறு வழி பார்க்கவும்."

மனைவி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. அதுதான் பீப் சாருக்குப் பயமாக இருந்தது.

"வேற வழின்னா வேற வீடுன்னு அர்த்தம்," என்றாள். "நாசூக்கா சொல்றார்."

"ஒரு வாரம் பொறு. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கிட்டதாலதான் இந்த நிலைமை."

அவள் அட்டைப்பெட்டிகளில் பாத்திரம் அடுக்க ஆரம்பித்தாள். வீடு மாற ஒத்தாசைக்கு வரச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருந்தான். வந்தவன் பெட்டிகளைத் தூக்காமல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, தப்பு கட்டையில இல்ல. ரிம்முல இருக்கு."

"என்ன தப்பு?"

"இப்படிச் சொரசொரன்னு இருந்தா எது உரசினாலும் கத்தும். நம்ம ஜன்னல் கத்துதா? ஒரு மணி நேரம் குடுங்க."

அவன் ரிம்மை மெஷினால் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஜன்னல் சட்டங்களுக்குப் பூசும் பாலிஷையும் பூசிக் கொண்டுவந்தான். பீப் சார் குனிந்தார். ரிம்மில் அவருடைய முகமே தெரிந்தது. ஒரு வாரமாகத் தூக்கமில்லாத முகம்.

"எப்படி?" என்றான் மச்சினன்.

"பிடிக்குமா?"

"சத்தம் வராது மாமா. அதுக்கு நான் பொறுப்பு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. சரியாக ஆறு மணிக்குப் பீப் சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். முதல் தட்டில் ஏறிப் பிரேக்கைப் பிடித்தார். மச்சினன் வாக்குத் தவறவில்லை, சத்தம் வரவில்லை. வண்டியும் நிற்கவில்லை. அதே வேகத்தில் இரண்டாவது தட்டைத் தாண்டியது. இரண்டு கையாலும் இறுக்கினார். வண்டி அதைப் பொருட்படுத்தாமல் தொட்டியை நோக்கிப் போனது.

வழக்கமாக நிற்கும் இடம் வந்தது, போனது. யோசிக்கும் அரை நிமிடம் இன்றைக்கு இல்லை. மோதினால் பல் போகும் என்பது மட்டும் தெரிந்தது. முழங்காலை மடக்கி, உடம்பை எம்பித் தூக்கினார். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது.

ஒரு மூச்சு நேரம் பீப் சார் தொட்டியின் உச்சியில், கால் ஊன்றாமல், நேராக நின்றார். அங்கிருந்து பார்த்தால் பக்கத்துத் தெருவே தெரிந்தது.

கீழ்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக வீட்டுக்காரரின் குரல் கேட்டது. சொல் எதுவும் புரியாத, அடித்தொண்டையிலிருந்து வந்த ஓர் அலறல். ஜன்னல் கட்டையில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் கேட்குதா இவருக்கு!" என்று நினைத்தார் பீப் சார். அதற்குள் வண்டி பின்னால் உருண்டது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டோடு அவர் வீடு திரும்பியபோது, பெட்டிகளில் பாதி ஒட்டப்பட்டிருந்தன. மனைவி ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே, "வலிக்குதா?" என்றாள். ஒரு வாரத்தில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

"ஏறிட்டேன்," என்றார் அவர்.

"பார்த்தேன்," என்றாள். பிறகு இன்னொரு பெட்டியை எடுத்தாள்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரரைப் பார்க்க வெளியூரிலிருந்து வரும் மகள் நின்றிருந்தாள். கையில் ஒரு பழக்கூடை. அவள் கண் மாவுக்கட்டிலிருந்து பெட்டிகளுக்குப் போய் அங்கேயே நின்றது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

பீப் சார் முந்திக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறோம்மா. அப்பாகிட்ட சொல்லிடுங்க. நானும் எத்தனையோ கட்டை மாத்திப் பார்த்துட்டேன். ரிம்மையும் தேய்ச்சாச்சு. அப்படியும் சத்தம் அவருக்குத் தொந்தரவாவே இருக்கு. நேத்து அவர் கத்தினதைக் கேட்டப்புறம் எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மகள் கூடையைப் பெட்டிமேல் வைத்தாள்.

"சத்தமா? பட்டறை வேலையில அப்பாவுக்கு ரெண்டு காதும் போயி ஏழு வருஷம் ஆச்சு சார்! அவரால தாங்க முடியாதது, நீங்க தினமும் அந்தத் தொட்டிகிட்ட வந்து வந்து, ஏறாமலே திரும்பிப் போனதைத்தான்!"