பாத்து, பாத்து

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அதற்கு விழுகிற பொருள்களில் அவ்வளவு அக்கறை கிடையாது. விழாத பொருள்களில்தான் உயிர். மேசையின் நட்டநடுவில் நிற்கிற தண்ணீர்ச் செம்பை இன்னும் கொஞ்சம் நடுவே நகர்த்தி வைக்கும். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கும், இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மாடி இறங்கியவுடன் திரும்பி ஏறும். பேருந்தில் முன்பின் தெரியாத மனிதரின் மடியில் இருக்கிற பை சரியப்போகிறது என்று தானாகவே முடிவு செய்து எட்டிப் பிடிக்கும். அந்த மனிதர் திருடன் என்று கத்தினால் அதற்கு வருத்தம் உண்டு, வெட்கம் கிடையாது. இந்த இனத்தைக் கண்ணால் அடையாளம் காண்பது கஷ்டம். காதால் சுலபம். முதுகுக்குப் பின்னால் "பாத்து, பாத்து" என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் திடுக்கிட்டுத் திரும்புவீர்கள். கையில் இருந்தது கீழே விழும். "நான்தான் சொன்னேனே" என்று அதே குரல் மறுபடி கேட்கும். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டார்.

இந்த இனத்தில் முதல்தரமான ஒருவர் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் தாங்கி. நாம் மரியாதையாகவே தாங்கியார் என்போம், பாவம்.

வீட்டில் அவர் மச்சினன் ஏணிமேல் ஏறி விளக்கு மாட்டினால் தாங்கியார் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். பிடிப்பது என்றால் சும்மா அல்ல. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, உடம்பெல்லாம் நடுங்க நடுங்கப் பிடிப்பார். அந்த நடுக்கம் ஏணி வழியாக மேலே போய் மச்சினனின் முழங்காலை அடையும். "மாமா, நீங்க கைய எடுத்துட்டா ஏணி ஆடாது" என்பான் அவன். "எடுத்துட்டா ஆடும்டா" என்பார் இவர். எடுத்துப் பார்த்ததே இல்லை என்பதால் இந்த வாதம் இன்றுவரை முடியவில்லை.

அவர் மனைவி அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்குவது ஒரு பெரிய நிகழ்ச்சி. கூடத்தில் செய்தித்தாளுக்குள் புதைந்திருக்கிற மனிதர், பாத்திரம் அசைகிற சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படி வாசற்படியில் வந்து நிற்பார். "பாத்து, பாத்து." அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக்கேட்டு, இப்போதெல்லாம் அந்தக் குரல் வந்த பிறகுதான் பாத்திரத்தைத் தூக்குகிறார். நேரம் பார்த்து மாத்திரை போட்டுக்கொள்வது மாதிரி அது ஒரு பழக்கமாகிவிட்டது.

இப்பேர்ப்பட்டவருக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெட்டி சாயாமல் பார்த்துக்கொள்கிற வேலை. மீனைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டதாக மேலாளர் நினைத்துக்கொண்டார். பூனையைக் கொண்டுபோய் விட்டிருந்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. சிப்புகளெல்லாம் பிறப்பது அப்பளம் போன்ற மெல்லிய சிலிக்கான் தகடுகளில். அந்தத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். பெட்டியை மனிதர் தூக்குவது கிடையாது. கூரையில் தண்டவாளம் ஓடுகிறது. அதில் தொங்கியபடி சின்னச் சின்ன வண்டிகள் ஓடுகின்றன. வண்டி ஓர் இயந்திரத்துக்கு நேர்மேலே வந்து நின்று, பட்டைகளில் பெட்டியைத் தொங்கவிட்டு, இயந்திரத்தின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கிற தட்டின்மேல் இறக்கும். தட்டில் மூன்று முளைகள். பெட்டியின் அடியில் அவற்றுக்கு ஏற்ற மூன்று பள்ளங்கள். பெட்டி வந்து உட்காரும்போது இப்படி அப்படி ஓர் ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் பள்ளங்கள் முளைகளைத் தேடிப் பிடிக்கின்றன. மூன்றும் சரியாக உட்கார்ந்தால் வண்டி பிடியை விடும். உட்காராவிட்டால் விடாது, தானாகவே மேலே தூக்கிக்கொள்ளும். இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்கள் மூளையுள்ளவர்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தை அவர்கள் தாங்கியாரிடம் கேட்டா வைத்தார்கள்? பெட்டி ஆடும்போதெல்லாம் இவர் கை தானாக நீளும். தட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. அதற்குள் மனிதக் கை நுழைந்தால், கை நசுங்காமலிருக்க வண்டி அப்படியே நின்றுவிடும். எனவே இவர் தாங்கப் போகிற ஒவ்வொரு முறையும் பெட்டி அந்தரத்தில் நிற்கும், பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் வரிசைகட்டி நிற்கும். கடைசியில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான கோடு என்றார்கள். அது யாருக்காகப் போட்டது என்பது துடைப்பக்காரர் வரைக்கும் தெரியும்.

தாங்கியார் சளைத்தவரா? கையை நீட்டத்தானே கூடாது என்று, கைக்குப் பதிலாகத் தட்டைச் சுற்றி ஒரு விளிம்பு கட்டலாம் என்று கிளம்பினார். ரப்பர் வைத்த உலோக விளிம்பு. பெட்டி சாயப் பார்த்தால் அது தாங்கிக்கொள்ளும். மேலாளர் வரைபடத்தை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று எழுதினால், நாளைக்கு ஏதாவது விழும்போது யார் வேண்டாம் என்றது என்று கேட்பார்கள். வேண்டும் என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வேண்டும் என்று எழுதினார்.

ஓர் இயந்திரத்தில் மட்டும் விளிம்பைப் பொருத்தி, காலிப் பெட்டியை இறக்கிப் பார்த்தார்கள். அழகாக உட்கார்ந்தது. அத்தோடு விட்டிருந்தால் நமக்கு இந்தக் கதை இல்லை. எல்லோரும் போன பிறகு தாங்கியார் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்கும் அதற்கும் நடுவே விரல்நுனி நுழைகிற இடைவெளி இருந்தது. இடைவெளி இருந்தால் ஆடும் அல்லவா? இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் நல்லதுதானே? திருகுகளைத் தளர்த்தினார், விளிம்பை உள்ளே தள்ளினார், இறுக்கினார். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் முதலில் வந்தது காலிப் பெட்டி அல்ல. புதிதாகப் பிடித்த ஒரு வாடிக்கையாளருக்கான முதல் மாதிரித் தகடுகள். பல மாத உழைப்பு முடிந்து, கடைசி வேலைக்கு வருகின்றன. இந்த மாதிரித் தகடுகள் அவர்களுக்குப் பிடித்தால்தான் ஆர்டர்; ஆர்டர் வந்தால்தான் இரண்டாவது ஷிப்ட் இருக்கும். இல்லாவிட்டால் அந்த ஷிப்டில் இருக்கிற அத்தனை பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஷிப்டின் மேற்பார்வையாளர் ஒரு பெண்மணி. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அக்கா. தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, கண் மட்டும் வெளியே. அன்றைக்கு அந்தக் கண்ணே போதுமாக இருந்தது.

வண்டி வந்து நின்றது. பெட்டி இறங்கியது. ஆடியது. ஆட இடமில்லாமல் ஒரு பக்கம் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாயவே கூடாது என்று கட்டிய விளிம்பில் பெட்டி அழகாகச் சாய்ந்து நின்றது. பட்டைகள் தொய்ந்தன. சிவப்பு விளக்கு சுழன்றது.

"யாரும் கிட்ட போகாதீங்க. வண்டி தானா தூக்கிக்கும்" என்றார் அக்கா. "நடுவுல யாராவது குறுக்கிட்டா அப்படியே நின்னுடும். பெட்டி விளிம்புலேர்ந்து வழுக்கி ஒரு குலுங்கு குலுங்கினா, உள்ள இருக்குறது எல்லாம் தூள்தான்."

தாங்கியார் மஞ்சள் கோட்டில் நின்றார். அவருடைய வலது கை எழுந்தது.

"சார், கையப் பின்னால கட்டுங்க."

கட்டிக்கொண்டார். ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து சாய்ந்த பொருள் ஒன்றைத் தொடாமல் பார்த்தவர் அல்ல அவர். நெற்றி வேர்த்தது, வேர்வையைத் துடைக்கக் கை இல்லை. நான் கேலிக்காகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவர் பட்டது நிஜமான வேதனை. வண்டி ஒரு முனகலோடு பட்டைகளை இழுக்கத் தொடங்கியது. பெட்டியின் ஒரு ஓரம் மெல்ல எழும்பியது.

அப்போது பார்த்து, பக்கத்தில் நின்றிருந்த தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நுனிக்காலில் எக்கினார். பெரிய உடம்பு. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், உறுதியாகத்தான் நின்றிருந்தார். ஆனால் எக்கி நிற்கிற மனிதன் சாயக்கூடியவன் அல்லவா? பெட்டியைத்தானே தொடக்கூடாது என்றார்கள்?

"பாத்து, பாத்து" என்று அவர் தோளை இறுக்கிப் பிடித்தார் தாங்கியார்.

அதிகாரி அலறி முன்னால் ஓர் அடி வைத்தார். ஒளித்திரை அறுபட்டது. வண்டி நின்றது. பெட்டி பாதி விளிம்பிலும் பாதி அந்தரத்திலுமாக, ஒரு திருகாணி அளவு பிடிப்பில் நின்றது.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், சத்தம் போடாமல் சொன்னார்: "சார், தயவுசெஞ்சு வெளிய போங்க."

"நான் இல்லாம..."

"ஆமா சார். நீங்க இல்லாமதான்."

போனார். வெளிக்கதவு மூடிய பிறகு, கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதிகாரி கோட்டுக்குப் பின்னால் போனதும் அக்கா ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி மறுபடி முனகியது. பெட்டி எழும்பி, விளிம்பை விட்டு விலகி, நேராகத் தொங்கி, கூரையோரமாக ஊர்ந்து, விளிம்பு கட்டாத பக்கத்து இயந்திரத்துக்குப் போனது. இறங்கியது. இப்படி ஆடியது, அப்படி ஆடியது, உட்கார்ந்தது. வண்டி பிடியை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. உள்ளே ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். தாங்கியாருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு பங்கு அதிகமாக வருத்தமும் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை. பெட்டி விழாமல் நின்றுவிட்டது.

மாலையில் வீட்டுக்கு வந்தவர் புது மனிதராக வந்தார். இனிமேல் எதையும் தாங்குவதில்லை, எதையும் சொல்வதில்லை. மனைவி அடுப்படியில் பால் பாத்திரத்தைத் தூக்கத் தயாரானார். தாங்கியார் வாசற்படிக்கு வந்தார், கைகளைப் பின்னால் கட்டினார், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அம்மாள் காத்திருந்தார். குரல் வரவில்லை. சரி என்று தூக்கினார். இரண்டடி நடந்தார். இன்னும் வரவில்லை. மனுஷனுக்கு என்ன ஆச்சோ என்று பதறித் திரும்பினார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

பாத்திரம் சாய்ந்தது. பால் தரையெல்லாம் ஓடியது.

தாங்கியார் அந்தப் பாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "நான் சொல்லலன்னா என்ன ஆகுது பாரு" என்றார். மறுநாள் காலையில் மேலாளர் மேசைமேல் புதிய வரைபடம் ஒன்று இருந்தது. இம்முறை விளிம்பு இன்னும் உயரம்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கிறபோது உங்களுடைய ஒரு கைக்குத்தான் வேலை. இன்னொரு கை எங்கே இருக்கிறது? பக்கத்தில் இருக்கிற தம்ளரின் மேல்தானே? அது விழாது. கையை எடுங்கள். நிஜமாகவே விழாது, என்னை நம்புங்கள். ஆங், அப்படித்தான், மெல்ல எடுங்கள்.

பாத்து.