அனக்லெத் வீட்டு வெள்ளைச் சுவர்

அனக்லெத் ஒரு சபதம் செய்தார். வானம் இடிந்து விழட்டும், மாண்டவி ஆறு மலைக்குத் திரும்பி ஏறட்டும், தன் மத்தியானத் தூக்கத்தை மட்டும் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை!

சபதம் செய்தபோது அவர் முன்கூடத்தில், நீளக் கை வைத்த சாய்வு நாற்காலியில், கால் இரண்டையும் தூக்கிப் போட்டுப் படுத்திருந்தார். வீர சபதங்களை எழுந்து நின்று செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் எழுந்தால் தூக்கம் கலைந்துவிடும்.

அந்தத் தூக்கத்தை லேசாக நினைத்துவிடக் கூடாது. பணஜிப் படகுத்துறையில் வாலிபம் முழுக்க டிக்கெட் கிழித்த மனிதர் அவர். ஊரே கடையைச் சாத்திவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில், ஒவ்வொரு படகு ஊதும்போதும் திடுக்கிட்டு விழித்தவர். ஓய்வு பெற்ற அன்று பரிசாகக் கொடுத்த கடிகாரத்தைக்கூட, டிக் டிக் என்கிறதே என்று துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். பாக்கி வாழ்க்கையில் அவர் கேட்டதெல்லாம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம்தான்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மழை ஓய்ந்து, வீடுகளுக்கெல்லாம் புதுச் சாயம் பூசி, ஃபோன்டைனாஸ் பேட்டை பளபளவென்று நிற்கிற காலத்தில் ஒரு வாரம் கலைவிழா நடக்கும். வீட்டுக்காரர்கள் முன்கூடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சுவரில் ஓவியங்களை மாட்டுவார்கள். சிப்பி பதித்த ஜன்னலையும் பழைய உத்தரத்தையும் பார்க்க ஊரும் உலகமும் உள்ளே நுழையும். பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். இந்த வருஷம் தங்கள் வீட்டையும் தருவதாக அவர் மனைவி கித்தேரியா தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"மூணு தடவ கேக்க வந்தேன். மூணு தடவையும் தூங்கிட்டிருந்த."

"எழுப்பறதுதானே?"

"எழுப்பினா ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சுக்குவ. அதுக்குக் கேக்காமலே இருக்கலாம்னு விட்டுட்டேன்."

"கூரை ஒழுகுது, கித்தேரியா. வர்றவங்க தலைல சொட்டும்."

"மழை நின்னு எவ்வளவு நாளாச்சு!"

"தரை வழுக்கும். எவனாவது விழுந்து கால ஒடிச்சிக்கிட்டா?"

"வழுக்குதா இல்லையான்னு நடக்கிறவங்களுக்குத்தான் தெரியும். உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு நெஞ்சு படபடங்குது."

"அது பசி. மீன் குழம்பு கொதிச்சிட்டிருக்கு, இரு."

"என் நாற்காலி? அது எங்க போகும்?"

"கொல்லைல போட்டுக்கலாம். கோழிக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

போன வருஷம் அடுத்த வீட்டு சந்தானுக்கு நேர்ந்த கதி அனக்லெத்தின் கண்முன் வந்து நின்றது. சந்தான் வீட்டுக் கூடத்தில் விழா நடந்தது. பாவம், அவன் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன் அப்படியே கண் அசந்துவிட்டான். டெல்லியிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவனை இரண்டு தடவை சுற்றிவந்தாள். "மெழுகுல செஞ்சிருக்காங்க போல, அச்சு அசல் மனுஷன் மாதிரியே இருக்கு" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, சந்தேகம் தீரக் கன்னத்தைக் கிள்ளியும் பார்த்தாள். அன்றிலிருந்து சந்தான் பூசையில் பிரசங்கம் நடக்கும்போதுகூடக் கண் அசருவதில்லை.

அனக்லெத் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இரவெல்லாம் கவலை. காலையிலும் கவலை. மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார், தூக்கம் வரவில்லை. ஆனால் காது திறந்துதான் இருந்தது. கொல்லைச் சுவருக்கு மேலே கித்தேரியாவும் சந்தானின் மனைவி பியேதாதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை விழாக்குழுவிலேர்ந்து பார்க்க வர்றாங்களாம், பியேதாத்."

"உங்க வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணும் இல்ல, பாசி பிடிச்சாலும் மஞ்சள் மஞ்சள்தானே. வெள்ளை மட்டும் அடிச்சிருந்தோம்னு வை, தீர்ந்தது. ஊர் வழக்கத்தையே மதிக்காத வீடுன்னு வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க."

"ஐயோ, வெள்ளையா! வீட்டுக்கு யாராவது வெள்ளை அடிப்பாங்களா?"

"அதான் சொல்றேன். அப்புறம் பியேதாத், தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. நான் திவார் தீவுக்குப் போயிட்டு வெள்ளிக்கிழமைதான் வருவேன்."

அனக்லெத் மூடிய கண்ணைத் திறக்காமலே புன்னகை செய்தார். மஞ்சள் அடிக்கலாம், நீலம் அடிக்கலாம், செக்கச்செவேல் என்று மாட்டு ரத்த நிறம்கூட அடிக்கலாம். வெள்ளை மட்டும் அந்தப் பேட்டையில் தேவாலயத்துக்கு உரியது. தாத்தா காலத்தில் மீறினவனுக்கு அபராதம் உண்டு. இப்போது அபராதம் போய்விட்டது, பயம் மட்டும் இருக்கிறது. அந்தப் பயம் அனக்லெத்துக்கும் உண்டு. ஆனால் தூக்கமா, பயமா என்று வந்தால் மனிதன் என்ன செய்வான்?

மறுநாள் கித்தேரியா படகேறின கையோடு அவர் காமத்தின் பெயின்ட் கடையில் நின்றார்.

"வெள்ளை. ரெண்டு வாளி."

காமத் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எந்த சர்ச்சுக்கு, பாப்?" என்று மரியாதையாக விசாரித்தார்.

அனக்லெத்துக்கு வேர்த்தது. "சர்ச் இல்ல. சின்னக் குருசடி."

"எந்தப் புனிதர்?"

வாயில் வேறு பெயர் வரவில்லை. "புனித அனக்லெத்."

"கேள்விப்பட்டதே இல்லையே."

"இருக்கார். அதிகமா வெளிய வரமாட்டார்."

"சக்தி உள்ளவரா?"

"சாந்தமானவர். தொந்தரவு பண்ணாம இருந்தா நல்லது செய்வார்."

காமத் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப பிரஷ் என் காணிக்கையா இருக்கட்டும், பாப். விலாசம் சொல்லிட்டுப் போங்க." ஒரு பொய்க்கு இலவசமாக ஒரு பிரஷும் சேர்ந்ததில் அனக்லெத்தின் கவலை இரண்டு மடங்கானது. விலாசத்தையும் உளறிவிட்டு வந்தார்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதிர்ஷ்டம் அவர் பக்கம் திரும்பியது. சந்தான் வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஏணி எப்படியோ கொல்லைக்கு வந்து மாமரத்தில் சாய்ந்திருந்தது. சுவர் சுரண்டுகிற தகடு ஜன்னல் மேலேயே கிடந்தது. அவருடைய கிழிந்த சட்டைகூடத் துவைத்து மடித்து நாற்காலியில் வைத்திருந்தது. ஆண்டவர் நம் கட்சிதான் என்று அனக்லெத் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாசி மேல் வெள்ளை ஒட்டாது என்று படகுக்குச் சாயம் பூசுகிறவர்களைப் பார்த்து அவருக்குத் தெரியும். அதனால் சுரண்டினார். ஆறு வருஷமாகக் கித்தேரியா "மழை முடிஞ்சதும் சுரண்டு" என்பாள், இவர் "கார்னிவல் போகட்டும்" என்பார். கார்னிவல் முடிந்தால் தவக்காலம், தவக்காலம் முடிந்தால் மறுபடி மழை. அந்த ஆறு வருஷப் பாசியையும் ஒற்றை ஆளாகச் சுரண்டினார். உள்ளங்கை கொப்பளித்தது. இடுப்பு கழன்றது. ஒரு கோட் அடித்தார், மஞ்சள் எட்டிப் பார்த்தது. பயந்து இன்னொரு கோட் அடித்தார். இத்தனைக்கும் நடுவே மத்தியானத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. அதைக் காப்பாற்றத்தானே இந்தப் பாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை வீடு பால் போல நின்றது. அப்போதுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. சைக்கிளில் ரொட்டி கொண்டுவருகிறவன் வழக்கம்போல ஹாரன் அடித்தபடி வந்தான். சுவரைப் பார்த்ததும் ஹாரனை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ரொட்டியும் கொடுக்காமல் மெல்லத் தள்ளிக்கொண்டு போனான். வழியோடு போன இரண்டு கிழவிகள் வாசற்படியில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்கள்.

"அம்மா, இது வீடு!" என்று அனக்லெத் ஜன்னல் வழியாகக் கெஞ்சினார்.

"எல்லாம் ஆண்டவர் வீடுதான், மகனே" என்றாள் ஒரு கிழவி.

சற்றுப் பொறுத்துக் காமத்தே சாமந்தி மாலையோடு வந்து சேர்ந்தார். "புனிதர் உள்ள இருக்காரா, பாப்?"

"உள்ள... ஓய்வுல இருக்கார்."

காமத் மாலையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, தன் மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டு போனார். பங்குச் சாமியார் காதுக்கு விஷயம் போனால் என்ன ஆவது? கித்தேரியா வந்து பார்த்தால் என்ன ஆவது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆகிவிட்டதே என்று அனக்லெத் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். தரை வழுக்கத்தான் செய்தது.

பதினொரு மணி சுமாருக்குக் கித்தேரியா வந்தாள். தனியாக வரவில்லை. கூடவே தலைமுடியில் பென்சில் செருகிய ஒரு பெண் வந்தாள். விழாக்குழுவின் ஓவியர், பெயர் எல்வீரா. பின்னால் பியேதாத், அவளுக்குப் பின்னால் சந்தான்.

அனக்லெத் மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பித்தார். "தப்பு நடந்துபோச்சு. கடைக்காரன் டப்பாவை மாத்திக் குடுத்துட்டான். விழா வேண்டாம்னு நீங்க திரும்பிப் போறது நியாயம்தான். நான் மனசார ஏத்துக்கறேன்."

எல்வீரா அவரைக் கவனிக்கவே இல்லை. சுவரை உள்ளங்கையால் தடவினாள். "பாசியச் சுரண்டினீங்களா, அங்கிள்?"

"சுரண்டினேன்."

"எத்தனை கோட்?"

"ரெண்டு."

"தேவதை மாதிரி ஒரு சுவர்!" என்று அவள் கித்தேரியாவைக் கட்டிக்கொண்டாள். "ஆன்ட்டி, சுவரோவியத்துக்கு இப்படி ஒரு வெள்ளை அடித்தளம் எங்க ஆளுங்களே போட்டதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதுன்னு நினைச்சேன்."

"நான்தான் சொன்னேனே, அவர் முடிச்சிடுவார்னு" என்றாள் கித்தேரியா.

அனக்லெத் வாய் பிளந்தார். "கித்தேரியா... அன்னைக்குப் பியேதாத்கிட்ட நீ பேசினது..."

"உனக்காகத்தான் பேசினேன்."

"நான் தூங்கிட்டிருந்தேனே!"

"நீ தூங்கினா பேட்டைக்கே தெரியும். அன்னைக்குக் குறட்டை வரல. சரி, மனுஷன் காதைத் தீட்டிட்டிருக்கான்னு குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அப்புறம் சந்தான்கிட்ட சொல்லி ஏணிய வாங்கி வச்சேன், உன் பழைய சட்டையத் துவைச்சு வச்சேன். வேற என்ன செய்ய? ஆறு வருஷம் நேரா சொல்லிப் பார்த்தாச்சு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அனக்லெத்துக்கு அந்தப் பூனை மேல் அன்று முதல்முறையாக இரக்கம் வந்தது.

"தங்கச்சிக்கு உடம்பு?"

"கல்லு மாதிரி இருக்கா. உனக்கு ஒரு டப்பா பெபிங்கா கேக் குடுத்துவிட்டிருக்கா."

எல்வீரா தலையிலிருந்த பென்சிலை உருவினாள். "படத்துக்குப் பேர் 'பேட்டையின் மத்தியானம்'. கடையெல்லாம் சாத்தியிருக்கு, தெரு காலி, நடுவுல சாய்வு நாற்காலில ஒருத்தர் அசந்து தூங்கறார். விழா ஏழு நாளும் மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஜனங்க முன்னாலயே வரைவேன். அசையாம இருக்கற மாடல்தான் கிடைக்கல."

எல்லோரும் அனக்லெத்தைப் பார்த்தார்கள். சந்தான் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

"மாட்டேன்!" என்றார் அனக்லெத். "செத்தாலும் மாட்டேன்."

"சரி, விடு" என்றாள் கித்தேரியா. "சுவர் வெள்ளையாவே இருக்கட்டும். பங்குச் சாமியார் வந்து கேட்டா நீயே பதில் சொல்லிடு. கதவுல மாலை ஏன் தொங்குதுன்னும் சொல்லு. வர்ற வழில காமத் பிடிச்சுக்கிட்டார், அந்தப் புனித அனக்லெத் திருநாள் எப்பன்னு கேட்டார். அதையும் சாமியார்கிட்டயே விசாரிச்சு வச்சுக்கோ."

அனக்லெத் மாலையைப் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

விழா தொடங்கிய முதல் நாள் மத்தியானம். உள்ளே அவருடைய கூடம் நிறைய ஓவியங்கள், ஓவியங்களைச் சுற்றி ஜனங்கள். வெளியே வெள்ளைச் சுவருக்குக் கீழே, நீளக் கை நாற்காலியில், கால் இரண்டையும் தூக்கிப் போட்டு அனக்லெத் படுத்திருந்தார். சுற்றிலும் நாலு வரிசை ஜனம். பணஜி முழுவதிலும் மத்தியானத்தில் தூங்கியே ஆக வேண்டிய ஒரே மனிதர் அவர்தான், அவருக்கோ தூக்கம் வரவில்லை. மூடின கண்ணுக்குள் அவர் முழுசாக விழித்திருந்தார். யாரோ ஒரு குழந்தை "மெழுகா?" என்று கேட்டது. "கிள்ளிப் பாரு" என்று சந்தானின் குரல் சொன்னது. அனக்லெத் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். தன்னால் முடிந்தவரை ஒரு குறட்டையும் விட்டுப் பார்த்தார்.

நன்றாகத்தான் வந்தது என்று அவர் நினைத்த நேரத்தில், கித்தேரியா காதருகே குனிந்தாள்.

"கண்ணத் திறக்காத. குறட்டைய மட்டும் கொஞ்சம் சத்தமா விடு, கடைசி வரிசைக்குக் கேக்கலையாம்."