பேரனுக்கும் இரண்டு கிலோ கழிவு

ஊசிமலைத் தோட்டம்,
மேற்பிரிவு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி, கல்லோடைத் தோட்டம் பழனியாண்டி அவர்களுக்கு, ஊசிமலை மேற்பிரிவுத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மகள் தவமலர், பேத்தி யதுர்ஷிகா, பேரன் ருக்‌ஷன், பசுமாடு, கன்றுக்குட்டி எல்லாரும் மாரியம்மன் புண்ணியத்தில் நல்ல சுகம். கொழும்புக் கடையில் இருக்கும் என் மகனும் சுகம் என்று போன் பேசினான். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாவும் உங்கள் முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். என் கண்ணாடியை இரண்டு நாளாகக் காணோம். ஆகையால் நான் சொல்லச் சொல்ல யதுர்ஷிகா எழுதுகிறாள். எழுத்து நன்றாக இருந்தால் அவளைப் பாராட்டுங்கள், விஷயம் நன்றாக இருந்தால் என்னைப் பாராட்டுங்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதையும் பேத்திதான் வாசித்துக் காட்டினாள். உங்கள் தோட்டத்தில் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்காம்பராவில் மின்விசிறி போட்டிருக்கிறார்கள் என்று மூன்றாவது தடவையாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். அதோடு, 'அங்கே காம்பராவை மூடிவிட்டார்களாமே, தவமலர் கொழுந்து எடுக்கப் போனால் சின்னவனை யார் பார்ப்பது, பெரியவள் பொம்பளப் பிள்ளைதானே, ஏழாம் ஆண்டு வரை படித்தது போதும், நிறுத்தி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் பிள்ளை கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கி வாசித்தாள். எனக்கு நெஞ்சு கொதித்தது சம்பந்தி. பேத்தியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வேண்டும் என்று கனவில்கூட நினைக்காதவன் நான். எனவே தலைநிமிர்ந்து அறிவிக்கிறேன்: எங்கள் பிள்ளைக்காம்பரா திறந்தாகிவிட்டது. பழையபடி இல்லை, புதுத் தகரத்தோடு திறந்தாகிவிட்டது. எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லாரும் நிற்கையில் துரை வந்து, "காம்பராவில கூரை ஒழுகுது, புள்ளைங்களும் கொறைவு, இனிமே அதில உரம் அடுக்கப் போறோம், புள்ளைங்கள வூட்டில வச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். கூரை ஒழுகுகிற இடத்தில் பிள்ளை இருக்கக் கூடாதாம், உரம் இருக்கலாமாம். பொம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் என்றால் பார்க்கத்தானே செய்வார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது சம்பந்தமா மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்" என்றேன். அன்றைக்கே மேட்டு லயத்து வீடுகளில் மூன்று பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தம்பி தங்கச்சிகளை இடுப்பில் தூக்கிக்கொண்டன. பார்க்கவே வயிறு எரிந்தது சம்பந்தி. அந்த வயதில் நம் பெண்டுகள் எல்லாம் அப்படித்தான் இடுப்பு ஒடிந்தார்கள், இவர்களுமா என்று இருந்தது.

இப்போதுதான் கதையே. மாதாமாதம் பிள்ளைகளை நிறுக்க மருத்துவிச்சி நோனா வருவார் அல்லவா, அவர் மறுவாரம் கொட்டுகிற மழையில் வந்து சேர்ந்தார். காம்பராவில் உரமூட்டை. ஆகவே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னார். வந்து பார்த்தால் அவருடைய தராசில் தண்ணீர் போய் முள் ஒரே இடத்தில் நிற்கிறது, எந்தப் பிள்ளையை வைத்தாலும் ஒரே எடை. அங்கேதான் நம் கொழுந்துத் தராசு தொங்குகிறது, பக்கத்தில் மூக்கையா கங்காணி நிற்கிறார். காலை, பகல், அந்தி என்று மூன்று வேளையும் கொழுந்து நிறுத்தே தலை நரைத்த மனுஷன். "கங்காணி, நீங்க பார்த்து சொல்லுங்க, நான் எழுதுறது" என்றார் நோனா. கங்காணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாய்மார் பிள்ளையைக் கொழுந்துச் சாக்கில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்ட, அவர் முள்ளைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ருக்‌ஷன், ஒம்போது! அடுத்த சாக்கு!" பலாப்பழம் மாதிரி இருக்கிற நம் பேரன் ஒன்பதா என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை, மழையில் ஓடத்தான் எல்லாருக்கும் அவசரம். தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்போம்? அவர் வாயிலிருந்து எடை வந்தால் இரண்டு கிலோ சாக்குக்குக் கழிந்துதான் வரும். பொம்பளைகளுக்கு அது காலகாலமாகப் பழகிப்போனது, அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. ஒரு பிள்ளை சாக்கிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அதற்கு ஈரக் கழிவு என்று இன்னும் அரைக் கிலோ போனது.

நோனா கொண்டுபோன கணக்கைப் பார்த்து டவுன் சுகாதார ஆபீசில் தலை சுற்றிவிட்டதாம். ஒரே மாதத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் மொத்தமும் இரண்டு கிலோ மெலிந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? போன புதன்கிழமை காலையில் இரண்டு ஜீப் வந்துவிட்டது. ஒன்றில் பெரிய டாக்டர், இன்னொன்றில் சிறுவர் பாதுகாப்பு அதிகாரி அம்மா. துரை அரைக்கால் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது கண்ணாடி இருந்தது. "இவங்க என்னாத்துக்கு தலைவர் வந்திருக்காங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான், "மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்னு சொன்னேன்ல தொர" என்றேன்.

அதிகாரி அம்மா நேரே காம்பராவுக்குப் போய்க் கதவைத் திறந்தார், உர நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். டாக்டர் தன்னுடைய புதுத் தராசை மடுவத்தில் மாட்டிப் பிள்ளைகளைத் திரும்ப நிறுத்தார். நிறுக்க நிறுக்க எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு கிலோ ஏறிக்கொண்டே வருகிறது. ஈரம் பண்ணியவனுக்கு இரண்டரை. டாக்டருக்குக் குழப்பம், துரைக்குத் திருவிழா. "பார்த்தீங்களா டாக்டர், நம்ம தோட்டத்துப் புள்ளைங்க ஷோக்கா இருக்கு. காம்பரா ஒண்ணும் தேவையில்ல" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

டாக்டர் மூக்கையாவைக் கூப்பிட்டு, "ஏன் கொறச்சு சொன்னீங்க?" என்றார்.

"கொறைக்கலீங்க ஐயா. சாக்குக் கழிவு. எப்பவும் ரெண்டு."

"சாக்கு ரெண்டு கிலோ இருக்குமா?"

"சாக்கு கால் கிலோகூட வராதுங்க. ஆனா கழிவு ரெண்டுங்க."

அப்போது உங்கள் மகள், என் மருமகள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு முன்னால் வந்தாள். நான் கண்ணால் ஒரு குறிப்புக் காட்டினேன், புரிந்துகொண்டாள்.

"தொரைங்களே, ஒரே ஒரு வெளக்கம். இந்தக் கழிவு சரியா, தப்பா?"

துரை டாக்டரைப் பார்த்தார்.

"சரின்னா எங்க புள்ளைங்க எல்லாம் மெலிஞ்ச புள்ளைங்க. காம்பராவத் தெறந்து பால் குடுங்க. தப்புன்னா இன்னைக்கு அந்திக் கொழுந்துல இருந்து எங்களுக்கும் கழிக்காதீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிறோம்."

"அப்படிக் கேளுடி தவமலரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான், இடுப்புப் படங்கைத் தட்டி எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். அந்த நேரத்தில் நான் துரைக்கு நேரே விரலை நீட்டி, "பதில் சொல்லுங்க" என்று முழங்கினேன். துரை வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "கழிவு... அது கம்பெனி வழக்கம். சரிதான்" என்றார். "அப்ப புள்ளைங்க?" என்றாள் தவமலர். துரை பலாப்பழம் போன்ற நம் பேரனைப் பார்த்தார். "புள்ளைங்க... கொஞ்சம் மெலிவுதான்" என்றார். டாக்டர் தேயிலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், முதுகு குலுங்கியது.

அதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேரனைத் தூக்கிக்கொண்டு நின்ற நம் யதுர்ஷிகாவிடம் வந்தார். அன்றைக்குத் தற்செயலாக அவள் வீட்டில் நின்றுவிட்டாள், வயிற்றுவலி என்று நினைக்கிறேன். "பள்ளிக்கூடம் போகலையாம்மா?" என்று கேட்டார். பிள்ளை சொன்னாள், "காம்பராவில உரம் இருக்கு மிஸ். அதனால தம்பி வூட்டில இருக்கான். அதனால நான் வூட்டில இருக்கேன். வகுப்புல என் எடத்துல இப்ப யாரு உட்கார்றாங்களோ தெரியல." இதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது சம்பந்தி, மறைக்க மாட்டேன். அதிகாரி அம்மா துரை பக்கம் திரும்பி, "எடை கூடினாலும் கொறைஞ்சாலும் எனக்கு வேண்டியதில்ல. பதினாறு வயசு வரைக்கும் புள்ளை படிக்கணும், அது சட்டம். நாளைக்குக் காலையில இந்தக் காம்பராவில புள்ளைங்க இருக்கணும், பெரிய புள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்கணும். இல்லாட்டி நீங்களும் நானும் கோர்ட்டுல இருப்போம்" என்றார்.

பிறகென்ன! உரமூட்டையைத் துரையே ஒன்று தூக்கினார் சம்பந்தி, முதுகைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். தரையைப் பொம்பளைகள் மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவினார்கள். சனிக்கிழமைக்குள் தகரம் வந்து ஏறிவிட்டது. வியாழக்கிழமை காலையில் மேட்டு லயத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளையும் வெள்ளைச் சட்டையோடு குறுக்குப் பாதையில் இறங்கிப் போனபோது, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாய்மார் கூடையோடு நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடித்துவிட்டான், காலை வேளையில் யார் வீட்டு விசேஷம் என்று கீழே பணிய லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைச் சோறு. கொழுந்துக் கழிவும் ஆட்டம் கண்டுவிட்டது: இப்போது சாக்கை மாட்டுகிற ஒவ்வொருத்தியும் "கங்காணி, எம் பேரு ருக்‌ஷன், பார்த்துக் கழிங்க" என்கிறாள், மூக்கையா வெட்கப்பட்டு ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார். மிச்சத்தையும் விடப் போவதில்லை.

ஆகவே சம்பந்தி, உங்கள் காம்பராவில் மின்விசிறி இருக்கலாம், எங்கள் காம்பராவுக்கு வரலாறு இருக்கிறது. ஒரு தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் தோட்டத்துத் தலைவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேயுங்கள். நம் பேரப்பிள்ளைகள் உங்கள் ஆசீர்வாதத்திலும் என் போராட்டத்திலும் நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி,
தலைவர் சிங்காரம்.

பின்குறிப்பு: கல்லோடைத் தாத்தாவுக்கு யதுர்ஷிகா எழுதுவது. இங்குள்ள தாத்தா வெற்றிலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். மழையன்று மூக்கையாத் தாத்தா முதலில் சரியாகத்தான் சொன்னார். தம்பியை மாட்டியதும் பதினொன்று என்றார். நான்தான், "சாக்குக்குக் கழிக்கலையா தாத்தா? அம்மாவுக்கெல்லாம் கழிப்பீங்களே" என்று கேட்டேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்பது என்றார். பிள்ளைகள் மெலிந்தால் டவுனிலிருந்து பார்க்க வருவார்கள் என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கிறேன். துரைக்கு நேரே விரல் நீட்டியது அம்மா. தாத்தா மடுவத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியோரம் நின்றார். எனக்கு வயிற்றுவலி இல்லை. காம்பராவை மூடிய அன்றைக்கே தாத்தாதான் என் புத்தகப் பையை வாங்கி ஆணியில் மாட்டினார். உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் பாதிதான். வியாழக்கிழமை பையை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி என் தோளில் மாட்டிவிட்டதும் தாத்தாதான். அப்போது அவர் ஒன்றும் பேசவில்லை. அதனால் அவர் மேலும் பாதிதான். வகுப்பில் என் இடத்தில் யாரும் உட்காரவில்லை. தாத்தாவின் கண்ணாடி என் பையில் இருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, வந்து கொடுத்துவிடுவேன்.